மரத்தில் ஒரு மலபார் இளவரசி!

இப்போதெல்லாம் ஏர்போர்ட்டில் எந்த விமானத்தைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு நீளமான குழாய். முன்னால் மூக்கு, பின்னால் வால், இடையில் இரண்டு இறக்கை. வாலில் இருக்கும் கலரை மறைத்துவிட்டால், எது எந்தக் கம்பெனி விமானம் என்று சொல்ல அதன் பைலட்டே கொஞ்சம் யோசிப்பார்!

அப்படி இல்லாத காலம் ஒன்று இருந்தது, ஸார். தூரத்தில் வரும்போதே விமானத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்து அழகிகளில் யாருக்கு முதல் இடம் என்று தேர்தல் நடத்தினால், என் ஓட்டு லாக்ஹீட் கான்ஸ்டலேஷனுக்குத்தான். நான்கு இஞ்சின். ஒன்றுக்கு மூன்று வால். உடம்பு நேராகவே இருக்காது. துள்ளிய டால்ஃபின் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்ட மாதிரி, மூக்கு கீழே வளைந்து, முதுகு எழும்பி, வால் மேலே போகும். முதல் கான்ஸ்டலேஷன் பறந்தது 1943 ஜனவரி 9-ம் தேதி. 1958-ல் தயாரிப்பை நிறுத்துவதற்குள் எல்லா ரகமும் சேர்த்து 856 விமானங்கள் செய்துவிட்டார்கள்.

ஏர்-இந்தியா இன்டர்நேஷனல் தன் முதல் லண்டன் சர்வீஸை ஆரம்பித்ததும் இதில்தான். 1948 ஜூன் 8-ம் தேதி பம்பாயிலிருந்து 35 பயணிகளுடன் கிளம்பிய ‘மலபார் பிரின்சஸ்’, கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தது. ஜே.ஆர்.டி. டாடாவும் அதில் போனார். டிக்கெட் 1,720 ரூபாய். இன்றைக்கு அந்தப் பணத்துக்கு நாலு பேர் ஏர்போர்ட்டுக்குள் வடை, காபி சாப்பிடலாம். வடையை எண்ணித்தான் சாப்பிட வேண்டும்!

அந்த இளவரசியைத்தான் போன வருஷம் நான் மரத்தில் செதுக்கினேன். மொத்தம் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள். (பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்பது இதுதான் போலிருக்கிறது.) பி.காம். படித்தவனுக்கு உளியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

ஆறு அடிக்கு ஒரு அங்குலம்

முதலில் அளவு. 72-ல் ஒரு பங்கு என்பது விமான மாடல்காரர்கள் நிறையப் பேர் பின்பற்றும் கணக்கு. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் இதைவிடச் சுலபமான வாய்ப்பாடு கிடையாது. நிஜத்தில் ஆறு அடி என்றால் மாடலில் ஒரு அங்குலம். அதாவது ஒரு ஆள் உயரம், ஒரு அங்குலம்.

கான்ஸ்டலேஷனின் இறக்கை, முனைக்கு முனை 123 அடி. ஆறால் வகுத்தால் இருபதரை அங்குலம். உடம்பின் நீளம் ஏறக்குறைய 16 அங்குலம். இந்த 123 அடியில் ஒரு வேடிக்கை உண்டு. ரைட் சகோதரர்கள் 1903-ல் முதன்முதலாகப் பறந்தார்களே, அந்தப் பறத்தலின் மொத்த தூரமே 120 அடிதான்! தம்பி ஆர்வில் ரைட்டை 1944-ல் ஒரு கான்ஸ்டலேஷனில் உட்கார வைத்துப் பறக்கவிட்டிருக்கிறார்கள். தான் பறந்த மொத்த தூரத்தைவிட அகலமான இறக்கையைப் பார்த்த அந்த மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும்!

மர விமானம் என்றால் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1942-ல், யுத்த சமயத்தில், அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிக்கூட மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்து தரும்படி கேட்டது. அளவு இதே 72-ல் ஒரு பங்கு. வானத்தில் போவது நம்முடையதா எதிரியுடையதா என்று நிழலுருவத்தைப் பார்த்தே அடையாளம் சொல்ல சிப்பாய்களுக்கு அதை வைத்துத்தான் பயிற்சி. கொஞ்சம் கோணலாகச் செதுக்கினால், சொந்த விமானத்தையே சுட்டுவிடும் ஆபத்து! அதனால் அளவு சரியில்லாததை எல்லாம் ஒதுக்கித் தள்ளினார்கள்.

சுருக்கம் எவ்வளவு விடோணும்?

எனக்கு குரு கிடைத்தது கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு சந்தில். எழுபது வயதைத் தாண்டிய பேட்டர்ன் மேக்கர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பேட்டர்ன் மேக்கர் என்றால் என்ன என்று கோயமுத்தூருக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பம்ப் செட், மோட்டார் எல்லாம் வார்ப்படம். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு மணலில் ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்தை உண்டாக்க, அதே வடிவத்தில் மரத்தில் ஓர் உருப்படி வேண்டும். அதுதான் பேட்டர்ன். நம் ஊர்த் தோட்டங்களில் தண்ணீர் இறைத்த எத்தனையோ பம்ப், இரும்பில் பிறக்கும் முன்னால் இவர் போன்றவர்கள் கையில் மரத்தில் பிறந்தது.

நான் படத்தை நீட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “ஏனுங்க தம்பி, சுருக்கம் எவ்வளவு விடோணும்?”

உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல் அளவு சுருங்கும் என்று கணக்கு வைத்து, பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். அதற்கென்றே அங்குலம் கொஞ்சம் நீளமாக அடித்த தனி ஸ்கேல் வைத்திருக்கிறார்கள். தள்ளுபடியை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிட்டு ஆடித் தள்ளுபடி போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

“இல்லீங்க ஐயா, இது இரும்பாகாது. மரமாவே இருக்கும்.”

“மரமாவேவா?” என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்பது வருசமா நான் செஞ்சதெல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டு வர்றதுக்கு. மேசை மேல உக்கார்றதுக்கு ஒண்ணுகூடச் செஞ்சதில்லீங்க. சரி, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல வந்துருங்க.”

கோட்டை விடாதீங்க!

உடம்புக்குக் குமிழ் மரம், இறக்கைக்கும் வாலுக்கும் தேக்கு என்று முடிவானது. குமிழ் லேசான மரம். உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. இறக்கை ஓரம் அரை நூல் கனத்துக்கு வர வேண்டும் என்பதால் அங்கே தேக்குதான் தாங்கும்.

முதல் இரண்டு வாரம் உளியைத் தொடவே விடவில்லை. வரைபடத்தில் உடம்பை அங்குலத்துக்கு ஒரு இடமாகக் குறித்து, அந்தந்த இடத்தின் பாதி வட்டத்தைப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டினோம். இதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். என் மாமனாரின் முழங்கால், மூன்று டெம்ப்ளேட்டாக மாறியது.

மரத்தை ஒரே கட்டையாக எடுக்கவில்லை. இரண்டு பலகையை நடுவில் காகிதம் வைத்து ஒட்டினார். அந்த ஒட்டுக் கோடுதான் விமானத்தின் நட்டநடு. எவ்வளவு செதுக்கினாலும் அது அழியாது. கட்டையின் மேல் பென்சிலில் போட்ட கோடு முதல் சீவலிலேயே போய்விடும். உள்ளே இருக்கும் கோடு கடைசி வரை கூடவே வரும்.

பிறகு பக்கவாட்டுப் படத்தை ஒட்டி வாளில் அறுத்தோம். அறுத்து விழுந்த துண்டுகளை எறியாமல் திரும்ப அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டி, கட்டையை மறுபடி சதுரமாக்கி, இப்போது மேல்பக்கப் படத்தின்படி அறுத்தோம். டேப்பைப் பிரித்தால், உள்ளே சதுர உடம்போடு ஒரு விமானம்! பிரியாணிப் பொட்டலம் பிரித்த சந்தோஷம்.

அடுத்தது சதுரத்தை வட்டமாக்குவது. நேராக வட்டத்துக்குப் போகக் கூடாது. நாலு மூலையையும் சீவினால் எட்டுப் பட்டை. எட்டை மறுபடி சீவினால் பதினாறு. அதற்கப்புறம் பட்டை கண்ணுக்குத் தெரியாது, அரமும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு நாலு சீவலுக்கும் ஒரு முறை டெம்ப்ளேட் வைத்துப் பார்க்க வேண்டும். டெம்ப்ளேட்டின் ஓரத்தில் நீல சாக்பீஸைத் தேய்த்துவிட்டு வைத்தால், மரம் எங்கே மேடோ அங்கே மட்டும் நீலம் ஒட்டும். அங்கே மட்டும் எடு. மறுபடி வை.

“தம்பி, கோட்டை விட்டு உள்ள போயிட்டா நீங்க கோட்டை விட்டாச்சு! எடுத்த மரத்தைத் திரும்ப வெக்கறதுக்கு பிரம்மாவாலயும் ஆகாதுங்க.”

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். இந்த அளவில் ஒரு நூல் அதிகமாகச் சீவினால், நிஜ விமானத்தில் அது ஒன்பது அங்குலம். ஆபீஸ் கணக்கில் ஒரு சைபர் விட்ட மாதிரி!

வளைவு ஏன் வந்தது?

கான்ஸ்டலேஷனைச் செதுக்குவது ஏன் கஷ்டம் என்பது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. என் டெம்ப்ளேட்டில் ஒன்றுகூட இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை. இன்றைய விமானம் குழாய், பெரும்பகுதிக்கு ஒரே டெம்ப்ளேட் போதும். இதில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வட்டத்தின் அளவும் மாறுகிறது, அதன் மையமும் ஏறி இறங்குகிறது.

“இந்த வெள்ளைக்காரன் எதுக்குங்க இப்படிக் கஷ்டப்பட்டிருக்கான்?” என்றார் பெரியவர்.

அது அலங்காரத்துக்காக வந்த வளைவு இல்லை. இஞ்சின் ஒவ்வொன்றும் 18 சிலிண்டர். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் சுமார் 15 அடி குறுக்களவுள்ள ராட்சத ப்ரொப்பெல்லர் வேண்டும். அது தரையில் இடிக்காமல் இருக்க விமானம் உயரமாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் முன்சக்கரத்தின் கால் கொக்குக் கால் மாதிரி நீண்டுவிடும். அதனால் மூக்கைக் கீழே இறக்கினார்கள். ப்ரொப்பெல்லர் கிளப்பும் காற்று வாலில் மோதாமல் இருக்கப் பின்பக்கத்தை மேலே தூக்கினார்கள். ஒரே வாலாக வைத்தால் அது அன்றைய ஹேங்கர் கூரையில் இடிக்கும், எனவே குட்டையாக மூன்று வால். ஒவ்வொரு அழகுக்கும் பின்னால் ஒரு தலைவலி!

செலவும் அங்கேதான். உடம்பின் ஒவ்வொரு வளையமும் தனி அளவு என்றால், ஃபாக்டரியில் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. குழாய் விமானம் ஜெயித்தது அதனால்தான். இதை நான் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் கையில் கொப்புளம் வந்தபிறகுதான் ஏறியது.

மூழ்கிய செலவு

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை. செதுக்க ஆரம்பித்து ஐந்தாவது வாரம். உடம்பு முக்கால்வாசி முடிந்து, மூக்கின் அடிப்பக்கம் நகவுளியை ஓட்டிக்கொண்டிருந்தேன். சீவலின் நடுவே கறுப்பாக ஏதோ தெரிந்தது. இன்னும் ஒரு சீவல். முடிச்சு!

மரத்துக்குள் புதைந்துபோன பழைய கிளையின் அடி. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதைச் சுற்றி ரேகை சுழித்துக்கொண்டு போனது. உளி வைத்த இடத்தில் மரம் சீவலாக வராமல் தெறித்தது.

பெரியவர் கட்டையை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவினார். எப்போதுமே அவர் அப்படித்தான் பார்ப்பார், ஏதோ தொழில் பந்தா என்று நினைத்திருந்தேன்.

“மூணு வழி இருக்குதுங்க. பட்டி வெச்சு மூடலாம், பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது. ஆனா ரெண்டு மழைக்காலம் போனா முடிச்சு சுத்தி வளையமா வெடிக்கும். தோண்டிட்டு வேற துண்டு ஒட்டலாம், ஆனா முடிச்சு ஆழமாப் போகுது, சுத்தி இருக்கற ரேகையும் சரியில்லை. இல்லாட்டி வேற கட்டை. நீங்கதான் சொல்லோணும்.”

அப்போது அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தார். “அப்பா, இன்னும் எத்தனை வாரம்? டாக்டர் எப்பவோ வரச் சொல்லிட்டார்” என்றார். அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. விமானத்தை முடித்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். கண்ணை மூடிப் பார்த்தது பந்தா இல்லை. திறந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை!

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வேறு கட்டை என்றால் ஐந்து வாரம் காலி, அவர் கண்ணும் தள்ளிப்போகும். பட்டி வைத்தால் அன்றைக்கே பிரச்னை தீர்ந்தது.

காலேஜில் காஸ்ட் அக்கவுன்டிங் என்று ஒரு பாடம் உண்டு. அதில் ‘மூழ்கிய செலவு’ என்று ஒரு அத்தியாயம். செலவாகிவிட்ட பணம் செலவாகிவிட்டதுதான். இனிமேல் என்ன செய்வது என்று யோசிக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக அது எனக்கு உதவிக்கு வந்தது.

“வேற கட்டை ஐயா. ஆனா முதல்ல ஆபரேஷன். அப்புறம் விமானம்.”

“கண்ணுக்கு நாள் குறிச்சாச்சுங்க, தீபாவளி கழிச்சு. அதுவரைக்கும் கை சும்மாதானே இருக்குது? கைக்குப் புரை வரலீங்களே!” என்று சிரித்தார். மகள் முறைத்தார். அன்று சாயங்காலமே புதுக் கட்டையை ஒட்டி வைத்தோம்.

இதில் எனக்கே ஆச்சரியம், இரண்டாவது உடம்பு மூன்றே வாரத்தில் முடிந்தது. ஐந்து வாரம் மூழ்கியது என்று எழுதி வைத்தேனே, அதில் இரண்டு வாரம் என் கையில் தேங்கி இருந்திருக்கிறது. இதை எந்த லெட்ஜரில், எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தரவில்லை.

வெள்ளிப் பெயிண்ட் என்ற வேவுகாரன்

இறக்கையும் வாலும் இரண்டு வாரம். இறக்கைகள் நுனியில் மேலே எழும்பி நிற்க வேண்டும், இரண்டும் ஒரே அளவு. இதற்கு ஐயா கண்டுபிடித்த கருவி தீப்பெட்டி. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் தீப்பெட்டி அடுக்கி, அதன் மேல் இறக்கையைப் படுக்க வைத்து ஒட்டினோம். இஞ்சின் கூடுகள் நாலும் கடைசல் பட்டறையில் ஒரே கம்பில் வரிசையாகக் கடைந்து வெட்டியவை. சக்கரத்தின் கால், சைக்கிள் ஸ்போக்ஸ். மூன்று இதழ் ப்ரொப்பெல்லர்கள் நாலையும் தகரத்தில் அவரே வெட்டினார்.

நிஜ விமானத்தின் அந்த இஞ்சின் பலம் உள்ளதுதான், ஆனால் கோபக்காரன். ஆரம்ப காலத்தில் அடிக்கடி தீப்பிடிக்கும். வழியில் ஒன்றை நிறுத்திவிட்டு வந்து இறங்குவது சகஜமாகி, ‘உலகத்தின் மிகச் சிறந்த மூன்று இஞ்சின் விமானம்’ என்று கான்ஸ்டலேஷனுக்குக் கேலிப் பெயரே உண்டு! இதைச் சொன்னதும் பெரியவர், “அப்ப நாலாவது இஞ்சினுக்கு நான் மெனக்கெட வேண்டியதில்லைங்களா?” என்றார்.

கடைசி மூன்று வாரம் பாலிஷ், பெயிண்ட். மரத்தின் கண்ணை அடைக்க முதலில் சாண்டிங் சீலர். காய்ந்ததும் தேய்ப்பு. மறுபடி சீலர். மறுபடி தேய்ப்பு. 120 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து, 220, 320, 400 என்று ஏறி, கடைசியில் தண்ணீர் தொட்டு 600. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் மாட்டிக்கொள்வோம். முரட்டுத் தாள் போட்ட கீறலை நைஸ் தாள் அழிக்காது, பளபளப்பாக்கிக் காட்டிக்கொடுக்கும்.

காட்டிக்கொடுப்பதில் அதற்கும் அப்பன் வெள்ளிப் பெயிண்ட். மற்ற கலர் எல்லாம் குறையை மூடும், வெள்ளி விளம்பரம் செய்யும். அதனால் முதலில் சாம்பல் பிரைமர் அடித்து, குழல் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தோம். விளக்கின் நிழல் உடம்பில் நேராக ஓடினால் சரி, நெளிந்தால் அங்கே பள்ளம். போதாக்குறைக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். வெயில் வரும்வரை இளவரசி ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில் துண்டு போர்த்திப் படுத்திருந்தாள்.

வெள்ளி உடம்பு, சிவப்புப் பட்டை, வி.டி.-சி.க்யூ.பி. என்ற பதிவு எண். மூக்கில் பெயர் எழுத வேண்டிய நேரத்தில் பெரியவர் கேட்டார்: “இந்த வண்டி இப்ப எங்கீங்க இருக்குது?”

சொன்னேன். 1950 நவம்பர் 3-ம் தேதி, லண்டன் போகும் வழியில், ஜெனிவாவில் இறங்க வேண்டிய நேரத்தில், மாண்ட் பிளாங்க் மலையில் மோதிவிட்டது. உள்ளே இருந்த 48 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. பயணிகளில் பெரும்பாலோர் கப்பலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாலுமிகள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப பேரை நல்லா எழுதுங்க தம்பி. அவசரம் வேண்டாம்” என்றார். பதினைந்து எழுத்துக்கு மேல் இல்லாத அந்தப் பெயருக்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று.

நீங்களும் ஆரம்பிக்கலாம்

முதல் முயற்சிக்கே கான்ஸ்டலேஷன் வேண்டாம். டகோட்டாவில் தொடங்குங்கள். இரண்டே இஞ்சின், ஒரே வால், உடம்பில் பாதி நேராகப் போகும். இறக்கை 95 அடி, அதாவது மாடலில் பதினாறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு உளி, ஒரு நகவுளி, இரண்டு அரம், உப்புத்தாள் போதும். உளியைத் தினமும் தீட்டுங்கள், மழுங்கின உளிதான் கையை வெட்டும். மரம் காய்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள். முக்கியமாக, உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஹாலில் உட்கார்ந்து தேய்க்காதீர்கள். முதலாவது நுரையீரலுக்கு நல்லது, இரண்டாவது குடும்பத்துக்கு.

நிஜ அழகியைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: கோவா போனால் பீச்சோடு திரும்பிவிடாதீர்கள். டாபோலிம் ஏர்போர்ட் பக்கம் கடற்படையின் விமான மியூஸியம் இருக்கிறது. இதே குடும்பத்தில் பின்னால் வந்த நீள உடம்புக்காரி, ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷன், அங்கே நிற்கிறாள். ஏர்-இந்தியாவில் பறந்து, விமானப்படையில் பறந்து, கடற்படையில் ரிட்டயர் ஆனவள். பக்கவாட்டில் நின்று அந்த முதுகு வளைவைப் பாருங்கள்.

பெரியவருக்குத் தீபாவளி கழித்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி கழற்றிய வாரம் இளவரசியை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் போய், கையில் வாங்கி, முதல் முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். மூக்கு, முதுகு, மூன்று வால், எழுதின பெயர், எல்லாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உடம்புல ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க தம்பி” என்றார். அப்புறம் முகம் மாறியது. “மூணாவது ப்ரொப்பெல்லர்ல ஒரு இதழ் அரை நூல் நீளமுங்க. யாரு வெட்டுனது இது?”

“நீங்கதான் ஐயா!”

“அதானே பார்த்தேன்” என்று உளிப் பெட்டியை இழுத்தார். “கழட்டுங்க, வேற வெட்டலாம்.”